கேட்ட தொகையா, வழக்கில் நிற்கும் தொகையா? இங்கிலாந்து கவுண்டி கோர்ட்டில் ‘ட்ராக்’ எப்படி முடிவாகிறது

கேள்வியின் சுருக்கம் இது. இங்கிலாந்தில் கடை உள்ளலங்கார வேலை செய்து கொடுத்த ஒருவர், இரண்டு பில்களுக்காக மொத்தம் 13,500 பவுண்டும் வட்டியும் கேட்டுக் கவுண்டி கோர்ட்டில் வழக்குப் போட்டிருக்கிறார். ஒன்று அலமாரி, குளிர்பெட்டி வேலைக்கு 9,200. மற்றது மின் இணைப்பு வேலைக்கு 4,300. கடைக்காரர் பதில் மனுவில், “மின் வேலைக்கான 4,300 தர வேண்டியதுதான், தவணை கொடுங்கள்; மற்ற வேலை தரமில்லை, அதற்கு ஒரு காசும் தர மாட்டேன்” என்று எழுதியிருக்கிறார். இப்போது கோர்ட்டிலிருந்து என்149ஏ என்ற கடிதம் வந்திருக்கிறது. வழக்கு ‘ஸ்மால் கிளெய்ம்ஸ்’ (சிறு தொகை வழக்குகள்) ட்ராக்குக்கு, அதாவது அந்த விசாரணைப் பாதைக்கு, பொருந்தும் என்று தோன்றுவதாக அதில் இருக்கிறது. “ஸ்மால் கிளெய்ம்ஸ் 10,000 வரைதானே, நான் கேட்டது 13,500 ஆயிற்றே, கோர்ட் தவறு செய்துவிட்டதா?” என்பது கேள்வி.

கோர்ட் தவறு செய்யவில்லை. ஆனால் அந்தக் கடிதம் இறுதி முடிவும் இல்லை. நீதிபதி ட்ராக்கை உறுதி செய்வதற்கு முன் உங்களுக்குச் சில நாட்கள் இருக்கின்றன. அதற்குள் செய்ய வேண்டிய ஒரு காரியமும் இருக்கிறது. விட்டுவிட்டால் வக்கீலுக்குக் கொடுத்த பணம் திரும்ப வராது.

முதலில் பொதுவான கணக்கு. இங்கிலாந்துக்கும் வேல்ஸுக்கும் உரிய சிவில் நடைமுறை விதிகள் 1999 ஏப்ரல் 26 அன்று நடைமுறைக்கு வந்தன. (ஸ்காட்லாந்துக்கு வேறு சட்டம், வேறு முறை, இங்கே சொல்வது எதுவும் அங்கே பொருந்தாது.) எதிர்த்தரப்பு மறுத்த ஒவ்வொரு வழக்கையும் அந்த விதிகளின் 26-ஆம் பகுதி ஒரு ட்ராக்கில் போடச் சொல்கிறது. முதலில் மூன்று ட்ராக்குகள் இருந்தன. 2023 அக்டோபர் 1 முதல் நான்கு. மூன்று என்று சொல்லும் பக்கங்கள் இணையத்தில் இன்னும் நிறையக் கிடக்கின்றன. அவற்றை நம்பிப் படிவம் நிரப்பாதீர்கள்.

10,000 பவுண்ட் வரை ஸ்மால் கிளெய்ம்ஸ். இந்த வரம்பு 2013 ஏப்ரல் வரை 5,000 ஆக இருந்தது. 10,000-க்கு மேல் 25,000 வரை ஃபாஸ்ட் ட்ராக். விசாரணை ஒரே நாளில் முடியக்கூடியதாக இருக்க வேண்டும், நிபுணர் சாட்சியம் குறைவாக இருக்க வேண்டும். 25,000-க்கு மேல் 100,000 வரை இன்டர்மீடியட் ட்ராக். இதுதான் 2023-இல் புதிதாக வந்தது. விசாரணை மூன்று நாளுக்கு மேல் போகக் கூடாது. ஒரு தரப்புக்கு இரண்டு நிபுணருக்கு மேல் நேரில் சாட்சி சொல்லக் கூடாது. ஒரு வாதிக்கு எதிராக ஒன்றோ இரண்டோ பிரதிவாதிகள், அல்லது இரண்டு வாதிகளுக்கு எதிராக ஒரு பிரதிவாதி, அவ்வளவுதான் ஆட்கணக்கு. இதற்கெல்லாம் அடங்காதது மல்டி ட்ராக். சில வகை வழக்குகள் தொகை எவ்வளவாக இருந்தாலும் மல்டி ட்ராக்குக்குத்தான் போகும். ஆஸ்பெஸ்டாஸால் வரும் மீசோதீலியோமா என்ற புற்றுநோய் பற்றிய வழக்கு அப்படி. தவறையும் அதனால் வந்த பாதிப்பையும் ஒப்புக்கொள்ளாத மருத்துவ அலட்சிய வழக்கும் அப்படியே.

உடல் காயத்துக்கும் வாடகை வீட்டுக்கும் தனி வரம்பு. சாலை விபத்தில் காயத்துக்கான இழப்பீடு மட்டும் 5,000 வரை இருந்தால் ஸ்மால் கிளெய்ம்ஸ். பிற காயங்களுக்கு அந்த வரம்பு 1,500. விபத்தில் சிக்கியவர் பாதசாரியாகவோ சைக்கிள், மோட்டார் சைக்கிள் ஓட்டுபவராகவோ இருந்தால் அந்த 5,000 வரம்பு பொருந்தாது. வீட்டைப் பழுது பார்க்கச் சொல்லி வாடகைதாரர் போடும் வழக்கில் பழுதுச் செலவும் 1,000-ஐத் தாண்டக் கூடாது, கூடக் கேட்கும் இழப்பீடும் 1,000-ஐத் தாண்டக் கூடாது. வாடகைதாரரைத் துன்புறுத்தியது, சட்டவிரோதமாக வெளியேற்றியது பற்றிய வழக்கு எவ்வளவு சிறிய தொகையானாலும் ஸ்மால் கிளெய்ம்ஸில் வராது.

இனி உங்கள் 13,500-க்கு வருவோம்.

ட்ராக்குக்காகத் தொகையைக் கணக்கிடும்போது கோர்ட் நான்கைத் தள்ளிவிடும்: தகராறில் இல்லாத தொகை, வட்டி, வழக்குச் செலவு, வாதி மீதும் கொஞ்சம் தவறு உண்டு என்ற வாதத்தால் குறையக்கூடிய பங்கு. முதலாவதுதான் உங்களைப் பிடிக்கிறது. ‘தகராறில் இல்லை’ என்பதற்கு விதிகளோடு வரும் நடைமுறைக் குறிப்பு தெளிவான அளவுகோல் வைத்திருக்கிறது. தனி இனமாகக் கேட்ட ஒரு குறிப்பிட்ட தொகையைப் பிரதிவாதி ஒப்புக்கொண்டால், அது தகராறில் இல்லை. உங்கள் 4,300 தனி பில், தனி வேலை, தனித் தொகை. கடைக்காரர் அதை எழுத்தில் ஒப்புக்கொண்டுவிட்டார். மிச்சம் 9,200. ஆகவே ஸ்மால் கிளெய்ம்ஸ்.

இதே கடைக்காரர், “மொத்தத்தில் ஒரு நாலாயிரம் தரலாம் என்று நினைக்கிறேன்” என்று மொட்டையாக எழுதியிருந்தால் கதை வேறு. எந்த இனத்துக்கு என்று சொல்லாத தொகையை வைத்து, “13,500 முழுவதும் இன்னும் தகராறில்தான்” என்று வாதாட உங்களுக்கு இடம் இருந்திருக்கும். பதில் மனுவில் ஒரு வரி எப்படி எழுதப்பட்டிருக்கிறது என்பதில் இவ்வளவு இருக்கிறது. விவரம் தெரிந்த பிரதிவாதிகள் வேண்டுமென்றேதான் ஒரு இனத்தை ஒப்புக்கொண்டு வழக்கைக் கீழே இறக்குவார்கள்.

வட்டியில் பலர் குழம்புகிறார்கள். கோர்ட் கட்டணத்துக்கு வட்டியையும் சேர்த்துத்தான் கணக்கு: 5,000-க்கு மேல் 10,000 வரை 455 பவுண்ட், 10,000-ஐத் தாண்டினால் 5 சதவீதம். ஆனால் ட்ராக்குக்கு வட்டி கிடையாது. 9,700 அசலும் 600 வட்டியும் கேட்பவர் 10,300-க்கு 5 சதவீதம், அதாவது 515 பவுண்ட் கட்டிவிட்டு, ஸ்மால் கிளெய்ம்ஸில்தான் போய் உட்கார்வார். கட்டணம் கட்டிய கணக்கை வைத்து ட்ராக்கை ஊகிக்காதீர்கள்.

எதிர்வழக்கு வந்தால்? கூட்டிப் பார்க்கும் வழக்கம் பொதுவாக இல்லை. இரண்டில் பெரியது எதுவோ அதுவே அளவு. கடைக்காரர் நாளைக்கே, “கெட்டுப்போன சரக்குக்கு 12,000 எனக்குத் தர வேண்டும்” என்று எதிர்வழக்குப் போட்டால், உங்கள் 9,200-ஐயும் இழுத்துக்கொண்டு எல்லாம் ஃபாஸ்ட் ட்ராக்குக்குப் போக வாய்ப்பு அதிகம். ஆனால் அவரும் அந்த 12,000-க்கு 5 சதவீதம், 600 பவுண்ட் கட்டணம் கட்டியாக வேண்டும். வெறும் மிரட்டலுக்காக எதிர்வழக்குப் போடுபவர்கள் பெரும்பாலும் இந்த இடத்தில் நின்றுவிடுகிறார்கள்.

இதன் மறுபக்கமாக, சில வாதிகள் ஸ்மால் கிளெய்ம்ஸிலேயே இருக்க வேண்டும் என்று ஒரே ஒப்பந்தத்தின் பில்களை இரண்டு வழக்காகப் பிரித்துப் போடுகிறார்கள். புத்திசாலித்தனமாகத் தோன்றும், நிற்காது. எதிர்த்தரப்பு அதை நடைமுறைத் துஷ்பிரயோகம் என்று சொல்லித் தாக்கும். நீதிபதி இரண்டையும் ஒன்றாகச் சேர்க்கலாம், ஒன்றைத் தள்ளவும் செய்யலாம்.

தொகை மட்டுமே எல்லாம் இல்லை. கேட்கும் நிவாரணம் என்ன, உண்மைகளும் சட்டமும் எவ்வளவு சிக்கல், எத்தனை பேர் தரப்பினர், எத்தனை பேர் நேரில் சாட்சி சொல்வார்கள், வழக்கில் இல்லாதவர்களுக்கு இதன் முடிவு முக்கியமா, தரப்பினர் என்ன நினைக்கிறார்கள், அவர்களுடைய நிலைமை என்ன என்பதையெல்லாம் நீதிபதி பார்ப்பார். நடைமுறையில் ஒன்று மற்ற எல்லாவற்றையும் விடக் கனமானது: நேர்மையின்மைக் குற்றச்சாட்டு. “அந்த ஆர்டர் தாளில் இருப்பது என் கையெழுத்தே இல்லை, போலி” என்று கடைக்காரர் சொல்லி, நீங்கள் அதை மறுத்தால், 9,200-ஆக இருந்தாலும் அந்த வழக்கு வழக்கமாக ஸ்மால் கிளெய்ம்ஸுக்குப் பொருந்தாது என்று நடைமுறைக் குறிப்பே சொல்கிறது. ‘வேலை தரமில்லை’ என்பது அந்த வகையில் சேராது.

சரி, எந்த ட்ராக் என்பதில் அப்படி என்ன இருக்கிறது? எல்லாம் வக்கீல் செலவில்தான் இருக்கிறது. மற்ற வேறுபாடுகள் இதற்கு அடுத்தபடி.

ஸ்மால் கிளெய்ம்ஸில் ஜெயித்தவருக்குக் கோர்ட் கட்டணம், வழக்குத் தாக்கலுக்கான சிறிய நிர்ணயத் தொகை, பயணச் செலவு, வேலைக்குப் போகாததற்கு ஆளுக்கு நாளொன்றுக்கு அதிகபட்சம் 95 பவுண்ட், கோர்ட் அனுமதித்த நிபுணருக்கு அதிகபட்சம் 750 பவுண்ட் கிடைக்கும். வக்கீல் பில் கிடைக்காது. எதிராளி அநியாயமாக நடந்துகொண்டார் என்று நீதிபதி கண்டால் மட்டும் மேலே போகலாம். வழக்கில் தோற்பது மட்டும் அநியாய நடத்தை ஆகாது. அதற்கான வாசல் குறுகலானது. இதனால் தோற்றாலும் பெரிய நஷ்டம் இல்லை. ஜெயித்தாலும் வக்கீலுக்குக் கொடுத்தது கைவிட்டுப் போனதுதான்.

ஃபாஸ்ட், இன்டர்மீடியட் இரண்டிலும் 2023 அக்டோபர் முதல் நிர்ணயிக்கப்பட்ட செலவு. வக்கீல் எத்தனை மணி நேரம் உழைத்தார் என்பதைப் பார்க்காமல், வழக்கு எந்தக் கட்டம் வரை போனது, எந்தச் சிக்கல் படியில் இருக்கிறது என்பதை வைத்து அட்டவணையில் உள்ள தொகை. ஒவ்வொரு ட்ராக்கிலும் ஒன்று முதல் நான்கு வரை படிகள். உங்கள் வழக்கு ஒருவேளை ஃபாஸ்ட் ட்ராக்குக்குப் போனால் உண்மையான சண்டை இங்கேதான் நடக்கும். எதிர்த்தரப்பு “இது சாதாரணக் கடன் வழக்கு” என்று சொல்லும். அது முதல் படி, செலவு குறைவு. உங்கள் தரப்பு “கட்டுமானத் தகராறு” என்று சொல்லும். அது நான்காம் படி. நடுவில், வேறு வகையில் அடங்காத பண வழக்குகள் மூன்றாம் படி. படிவத்தில் எந்தப் படி என்று இரு தரப்பும் குறிப்பிட வேண்டும். இருவரும் ஒத்துப்போனால் நீதிபதி பெரும்பாலும் அதையே ஏற்பார். அந்தக் கட்டத்தைக் காலியாக விடுபவர்கள் பிறகு வருந்துகிறார்கள்.

இன்னொன்று: பகுதி 36 என்ற சமரச முன்மொழிவு ஸ்மால் கிளெய்ம்ஸில் செல்லாது. ஃபாஸ்ட், இன்டர்மீடியட் ட்ராக்குகளில் வாதி தான் முன்வைத்த பகுதி 36 தொகைக்குச் சமமாகவோ மேலாகவோ தீர்ப்பு வாங்கிவிட்டால், நிர்ணயச் செலவில் 35 சதவீதம் கூடக் கிடைக்கும். அந்தச் சாட்டை உங்கள் கையில் இப்போது இல்லை.

இப்போது செய்ய வேண்டியது. ஒரு வழக்கு ஸ்மால் கிளெய்ம்ஸில் ஒதுக்கப்பட்டால் அந்தச் செலவு விதி ஒதுக்கீட்டுக்கு முந்தைய நாட்களுக்கும் பொருந்தும். அதாவது நீங்கள் 13,500-க்கு வழக்குத் தயாரிக்க வக்கீலுக்குக் கொடுத்ததும் அடிபட்டுப் போகும். ஆனால் உங்கள் நிலைமைக்கென்றே ஒரு விலக்கு இருக்கிறது: ஸ்மால் கிளெய்ம்ஸ் வரம்பைத் தாண்டிய வழக்கு, பிரதிவாதி ஒரு பகுதியை ஒப்புக்கொண்டதால் மட்டும் கீழே இறங்கினால், மிச்சப் பகுதி ஒதுக்கப்படுவதற்கு முன்பே ஒப்புக்கொண்ட பகுதிக்குத் தீர்ப்பு வாங்கும்போது, அந்த நாள் வரையிலான செலவை நீதிபதி தரலாம். ‘முன்பே’ என்ற சொல்லைக் கவனியுங்கள். ஒதுக்கீட்டு உத்தரவு வந்த பிறகு இந்த விலக்கைக் கேட்டுப் பயனில்லை. எனவே என்244 விண்ணப்பத்தை இப்போதே போடுங்கள்: 4,300-க்குத் தீர்ப்பு, இன்றுவரையிலான செலவு. விண்ணப்பக் கட்டணம் சுமார் 300 பவுண்ட். வக்கீலுக்கு இதுவரை 400 பவுண்டுதான் கொடுத்திருக்கிறீர்கள் என்றால் இது வேண்டாத வேலை. 1,500, 2,000 என்று போயிருந்தால் செய்யத்தான் வேண்டும்.

இதில் ஒரு பொறி உண்டு. பகுதி ஒப்புதல் வந்தால் கோர்ட் என்225ஏ என்ற படிவத்தையும் அனுப்பும். அதில் ஒப்புக்கொண்ட தொகையை ஏற்கிறேன் என்ற கட்டத்தை அவசரத்தில் டிக் செய்துவிடாதீர்கள். அங்கே ‘ஏற்கிறேன்’ என்றால் ‘என் முழுக் கோரிக்கைக்கும் ஈடாக’ ஏற்கிறேன் என்று அர்த்தம். 9,200 அதோடு போய்விடும்.

அடுத்தது என்180 கேள்வித்தாள், ட்ராக்கை முடிவு செய்ய இரு தரப்பும் நிரப்பிக் கோர்ட்டுக்கு அனுப்புவது. என்149ஏ கடிதம் சார்பு செய்யப்பட்டதிலிருந்து (முறையாகச் சேர்ப்பிக்கப்பட்டதிலிருந்து) 14 நாள் கெடு. (மற்ற மூன்று ட்ராக்குகளுக்கும் என்181, 28 நாள்.) இரு தரப்பும் பேசி இந்தக் கெடுவைத் தள்ளிவைக்க முடியாது. பண வழக்கில் கெடு தப்பினால் கோர்ட் இன்னொரு நோட்டீஸ் அனுப்பி 7 நாள் தரும். அதையும் விட்டால் உங்கள் மனு தானாகவே நீக்கப்படும். நீதிபதி பார்த்து முடிவு செய்வார் என்றெல்லாம் இல்லை. பிறகு அதை உயிர்ப்பிக்க விண்ணப்பம், கட்டணம், ‘ஏன் தாமதம்’ என்ற விளக்கம், ஏற்கப்படுமோ படாதோ என்ற கவலை. கோர்ட் கடிதம் பழைய முகவரிக்குப் போயிற்று என்பது அடிக்கடி கேட்கும் காரணம். கடை மாறினால், வீடு மாறினால் அன்றைக்கே கோர்ட்டுக்கு எழுதுங்கள்.

என்180-இல் ‘ஸ்மால் கிளெய்ம்ஸ் பொருத்தமான ட்ராக் என்று ஒப்புக்கொள்கிறீர்களா’ என்ற கேள்வி இருக்கும். ‘இல்லை’ என்று மட்டும் எழுதிப் பயனில்லை. காரணம் வேண்டும், அதுவும் கோர்ட்டின் மொழியில். “நான் வக்கீல் வைத்திருக்கிறேன்” என்பது காரணம் ஆகாது. “குளிர்பெட்டி ஏன் வேலை செய்யவில்லை என்பதில் இரண்டு தரப்புக்கும் பொறியாளர் சாட்சியம் தேவை, நேரில் ஆறு சாட்சிகள், ஒரு நாளில் முடியாது” என்பது காரணம். உங்கள் வழக்கில் அவ்வளவு இருப்பதாகத் தெரியவில்லை. என் கருத்து, ட்ராக்கை எதிர்க்காதீர்கள். 9,200-க்கு ஃபாஸ்ட் ட்ராக்கில் போய் தோற்றால், எதிராளியின் நிர்ணயச் செலவையும் நீங்கள்தான் கட்டுவீர்கள்.

அதே தாளில் நிபுணர் அறிக்கைக்கு அனுமதி கேட்கும் இடத்தை விட்டுவிடாதீர்கள். அனுமதி இல்லாமல் வாங்கிய அறிக்கையை நீதிபதி பார்க்க மறுக்கலாம். எத்தனை சாட்சிகள், எந்தெந்தத் தேதிகளில் வர முடியாது என்பதையும் எழுதுங்கள். மொழிபெயர்ப்பாளர் தேவையா என்றும் கேட்டிருக்கும். உங்கள் சாட்சி தமிழில் பேசினால்தான் தெளிவாகச் சொல்வார் என்றால் அங்கேயே எழுதிவிடுங்கள். விசாரணை நாளில் போய்க் கேட்டால் ஒத்திவைப்புதான் மிஞ்சும். எந்த ஊர்க் கோர்ட் என்பது, பிரதிவாதி தனி ஆளாக இருந்தால் பொதுவாக அவருடைய ஊர்ப் பக்கம். கம்பெனியாக இருந்தால் உங்கள் விருப்பத்துக்கு மதிப்பு அதிகம்.

கேள்வித்தாள் போன பின், நீதிபதியிடம் போவதற்கு முன் இன்னொரு படி. 2024 மே 22 முதல் 10,000 வரையிலான பண வழக்குகளில் தொலைபேசிச் சமரசம் கட்டாயமாகி வருகிறது. ஒரு மணி நேரம், கட்டணம் இல்லை. சமரசம் செய்பவர் இரு தரப்பையும் மாறி மாறித் தனியாக அழைப்பார். நீங்கள் கடைக்காரரோடு நேராகப் பேச வேண்டியதில்லை. அங்கே பேசியது நீதிபதிக்குப் போகாது. ஆனால் அழைப்பை எடுக்காமல் விட்டால் அது போகும்; செலவு கட்டச் சொல்லலாம், மனுவையே நீக்கவும் செய்யலாம். அழைப்புக்கு முன் மூன்று எண்களைத் தாளில் எழுதி வைத்துக்கொள்ளுங்கள்: கேட்பது, எதிர்பார்ப்பது, இதற்குக் கீழே இறங்க மாட்டேன் என்பது. ஒரு மணி நேரம் என்பது வேகமாகப் போய்விடும்.

சமரசம் ஆகவில்லை என்றால் நீதிபதி ஒதுக்கீட்டு உத்தரவு போடுவார். ஸ்மால் கிளெய்ம்ஸ் என்றால் விசாரணைக்கு 14 நாள் முன்பு நம்பியிருக்கும் ஆவணங்களைக் கோர்ட்டுக்கும் எதிராளிக்கும் அனுப்ப வேண்டும் என்பது வழக்கமான உத்தரவு. ஃபாஸ்ட் ட்ராக்கில் வழக்கமான நாட்காட்டி இப்படி: 4 வாரத்தில் ஆவணப் பரிமாற்றம், 10 வாரத்தில் சாட்சி வாக்குமூலம், 14 வாரத்தில் நிபுணர் அறிக்கை, 22 வாரத்தில் விசாரணைக்கு முந்தைய படிவம், 30 வாரத்தில் விசாரணை. தாளில் அப்படி, கோர்ட்டுகளில் இருக்கும் நெரிசலில் விசாரணை நாள் தள்ளிப் போவது சாதாரணம். விசாரணைக் கட்டணம் கட்டக் கடைசி நாள் ஒன்று கடிதத்தில் இருக்கும். அதைத் தவறவிட்டாலும் வழக்கு தானாகவே நீங்கும்.

ஒதுக்கீடு சரியில்லை என்று தோன்றினால் இரண்டு வழி. நீங்கள் கலந்துகொண்ட அல்லது முறையாக நோட்டீஸ் வந்த விசாரணையில் போட்ட உத்தரவு என்றால் மேல்முறையீடு. தாள்களை மட்டும் பார்த்துப் போட்டது என்றால், அதே கோர்ட்டில் மாற்றி ஒதுக்கக் கேட்டு விண்ணப்பம். பெரும்பாலானவை இரண்டாம் வகைதான். உத்தரவின் அடியில் 7 நாளுக்குள் என்று எழுதியிருக்கும், அந்த 7 நாளை விடாதீர்கள். பிறகு நிலைமை மாறினால், உதாரணமாகக் கடைக்காரர் தாமதமாக அந்த 12,000 எதிர்வழக்கைக் கொண்டுவந்தால், அப்போதும் மாற்றி ஒதுக்கலாம். அப்படி மாறினால், மாறிய நாள் வரை பழைய ட்ராக்கின் செலவு விதி, அதன் பிறகு புதியது. நீதிபதி வேறு மாதிரிச் சொன்னால் ஒழிய.

ஆகவே இந்த வாரத்துக்கு: என்225ஏ-யில் டிக் செய்யும் முன் இரண்டு முறை படியுங்கள், வக்கீல் பில்லை எடுத்துப் பார்த்து என்244 தேவையா என்று முடிவு செய்யுங்கள், என்149ஏ-யில் அச்சிட்டிருக்கும் கடைசித் தேதிக்கு மூன்று நாள் முன்பாவது என்180-ஐ அனுப்பி, ஒரு நகலைக் கடைக்காரருக்கும் அனுப்பிவிடுங்கள்.